இராமானுஜன் கற்ற கல்வி

நாமக்கல் நகரின் நடுவில் ஒற்றைப் பாறையொன்று ஓங்கி நிற்கிறது. உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் கமலாலயக் குளம், பாறையின் இருபுறங்களிலும் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் குடைவரைக் கோயில்கள். அவற்றுள் நரசிம்மர் கோயிலில் தனிச் சன்னிதி கொண்டுள்ள தாயாருக்கு நாமகிரி என்பது பெயர். 1997ஆம் ஆண்டு தனி மாவட்டமாகும்வரை நாமக்கல் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சேலத்திலிருந்து தெற்கே காவிரிக் கரைவரை விரியும் இச்சமவெளியிலும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஊர்களிலும் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஈரோட்டு முன்சீப் நீதிமன்றத்தில் அமீனாவாகப் பணியாற்றிய நாராயண ஐயங்காரின் குடும்பம்.

அவருடைய மகள் கோமளத்தம்மாளுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் குழந்தைப்பேறு வாய்க்கவில்லை. பெற்றோர் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டனர். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில், ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் பின்னாளில் உலகறிந்த கணித மேதையான சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்பதைப் பலரும் அறிவர். அது எந்தத் தேர்வு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மெட்ரிக்குலேஷன் தேறியவர்கள் மேற்கொண்டு இரண்டாண்டுகள் படித்து எழுத வேண்டிய எஃப்.ஏ. தேர்வு அது. இன்றைய மேல்நிலைக் கல்வியின் இரண்டு ஆண்டுகளுக்கு நிகரான படிப்பு. பதினொன்றாம் வகுப்பில் இன்று அமர்ந்திருக்கும் மாணவர்களின் வயதிலேதான் இராமானுஜனின் முறையான கல்வி உடைந்தது. அவ்வுடைவுக்கு முன்னும் பின்னும் அவர் எதை, எவரிடம், எப்படிக் கற்றார் என்பதை அறிந்தால், மேதைமை என்னும் ஒற்றைச் சொல்லால் நாம் மூடிவைத்துவிடுகின்ற பலவும் வெளிப்படும்.

திண்ணையிலிருந்து நகரப் பள்ளிவரை

தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். மாதச் சம்பளம் ஏறத்தாழ 20 ரூபாய். தாய் கோமளத்தம்மாள் கோயில் பஜனைகளில் பாடி வந்த சிறு தொகையையும் குடும்பத்துக்குச் சேர்த்தார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் சிறிய வீடு. இராமானுஜனுக்கு இரண்டு வயது நிறையும் வேளையில் பெரியம்மை கண்டது. தஞ்சை மாவட்டத்தில் அப்போது அந்நோயால் மாண்டவர்கள் பல்லாயிரவர், அவர் பிழைத்தெழுந்தார். அவருக்குப் பின் பிறந்த குழந்தைகள் மூவர் கைக்குழந்தைகளாகவே இறந்தனர். நெடுங்காலம் ஒரே பிள்ளையாய் வளர்ந்த இராமானுஜனுக்குத் தாயே உலகமாயிருந்தார்.

1892இல் திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவித்தல் தொடங்கியது. ஆனால் படிப்பு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. பாட்டனார் வேலையிழந்து காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ந்ததால் பேரனும் அங்கே சென்றார். தெலுங்கு வழியில் கற்பித்த பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டார். பின்னர்ச் சென்னையில் சில காலம். அங்கிருந்த பள்ளி அவருக்குப் பிடிக்கவேயில்லை. பிள்ளையை மிரட்டிப் பள்ளிக்கு அனுப்பக் காவலர் ஒருவரைக் குடும்பத்தார் அமர்த்தினர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னாளில் தேர்வுகளோடு அவருக்கு நேர்ந்த பிணக்கை அறிந்தவர்களுக்கு இச்செய்தி வெறும் நகைச்சுவையாகத் தோன்றாது.

கும்பகோணம் திரும்பிக் காங்கேயன் தொடக்கப் பள்ளியில் படித்தபோது நிலைமை மாறியது. 1897 நவம்பரில் நடந்த தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்குக் கழிந்த ஆறாண்டுகளே அவருடைய பள்ளி வாழ்வின் பொற்காலம். ஏறத்தாழ 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் வகுப்புகளுக்குப் பகிர்ந்து கால அட்டவணை அமைக்கும் சிக்கலான பணியைக் கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இம்மாணவரிடமே ஒப்படைத்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் சொன்னபோது, சுழியைச் சுழியால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று இராமானுஜன் வினவியதாகச் சொல்வார்கள். அந்த வினா அவரைவிடப் பெரியவர்களையும் திகைக்க வைத்த வினா.

வீட்டு வருவாய்க்காகக் கல்லூரி மாணவர் சிலருக்கு உணவும் இடமும் கொடுத்துத் தங்கவைத்திருந்தனர். அவர்களிடமிருந்தே இராமானுஜனுக்குப் பெரிய வகுப்புக் கணக்குகள் அறிமுகமாயின. அவர்கள் வழியாகக் கிடைத்த லோனியின் முக்கோணவியல் நூலைப் பதின்மூன்றாம் வயதிற்குள் முழுமையாகக் கற்றுத் தேர்ந்தார். இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி அவருடைய வாழ்க்கை முழுமைக்கும் பொருந்தும். முக்கோணவியலில் சைன், கொசைன் ஆகியவற்றுக்கான சில விரிவுகளைத் தாமாகவே கண்டறிந்து மகிழ்ந்திருந்தார். அவற்றைச் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் ஆய்லர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் எனப் பின்பு தெரியவந்தது. வெட்கமுற்ற சிறுவர் தாம் எழுதிய தாள்களை வீட்டுக் கூரையின் இடுக்கில் ஒளித்து வைத்தார்.

தேர்வுக்கென எழுதப்பட்ட நூல்

1903ஆம் ஆண்டு, பதினைந்து வயது நிறைந்த இராமானுஜனின் கைக்கு நண்பரொருவர் வழியாக அரசுக் கல்லூரி நூலகத்தின் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்னும் ஆங்கிலேயர் 1880களில் வெளியிட்ட கணிதத் தொகுப்பு நூல் அது. கார் பெரிய கணித அறிஞர் அல்லர்; இலண்டனில் தனிப்பயிற்சி அளித்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கடினமான கணிதத் தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்ய அவர் திரட்டிய குறிப்புகளே நூலாயின. ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் எண்ணிட்டு வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. இருப்பவையும் ஓரிரு சொற்களில் தரப்பட்ட குறிப்புகளே. இன்றைய சொல்லில், அது ஒரு 'கைடு'.

மனப்பாடம் செய்வோர்க்கென எழுதப்பட்ட அந்நூலை இராமானுஜன் மனப்பாடத்துக்குப் பயன்படுத்தவில்லை. நிறுவல் இல்லாத ஒவ்வொரு முடிவும் அவருக்கு ஓர் அறைகூவலாயிற்று. வழிகாட்டும் நூல் வேறெதுவும் அருகில் இல்லாமையால், ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்த்தார். ஒன்றை நிறுவும் முயற்சியில் மற்றொன்று கண்ணில் படும். அது காரின் நூலிலேயே இல்லாததாக இருக்கும். இவ்வாறு பிறந்தவற்றை எழுதி வைக்கத் தொடங்கியதே, பின்னாளில் புகழ்பெற்ற அவருடைய குறிப்பேடுகளின் தோற்றம்.

காரின் நூலில் முதல் எண்ணிட்டு நிற்கும் முடிவு, உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிந்தது: இரு வர்க்கங்களின் வேறுபாடு, அவற்றின் அடியெண்களுடைய கூட்டலையும் கழித்தலையும் பெருக்கிவரும் தொகைக்குச் சமம். இதிலிருந்து இராமானுஜன் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழின் வாசகர்களுக்கு அவர் ஒரு வினா விடுத்தார். முடிவின்றி ஒன்றனுள் ஒன்றாகச் செல்லும் பின்வரும் வர்க்கமூலத் தொடரின் மதிப்பு யாது என்பது அவ்வினா:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + … ))))

மாதங்கள் பல கடந்தும் எவரிடமிருந்தும் விடை வரவில்லை. இறுதியில் அவரே விடையளித்தார்: 3.

விடையை அடையும் வழியில் மேல்நிலை மாணவருக்கு எட்டாதது எதுவுமில்லை. 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9ஐ 1 + 8 என்றும், 8ஐ 2 × 4 என்றும் எழுதலாம். எனவே 3 = √(1 + 2 × 4). இனி, உள்ளேயிருக்கும் 4 என்பது 16இன் வர்க்கமூலம்; 16 = 1 + 15 = 1 + 3 × 5. ஆகவே 4 = √(1 + 3 × 5). அதனுள் இருக்கும் 5 என்பது √(1 + 4 × 6). ஒவ்வொரு படியிலும் உள்ளே நிற்கும் எண்ணை இவ்வாறே விரித்துக்கொண்டு சென்றால் வினாவிலுள்ள தொடர் தானே உருவாகும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அந்த எண்ணுக்கு முன்னுள்ள எண்ணையும் பின்னுள்ள எண்ணையும் பெருக்கிய தொகை கிடைக்கும் என்பதே இதன் அடிப்படை. அது காரின் முதல் முடிவேயன்றி வேறன்று. நூறாயிரம் மாணவர்கள் தேர்வுக்காகப் படித்துக் கடந்துபோன வரியில் அவர் முடிவிலியைக் கண்டார். முடிவின்றிச் செல்லும் தொடர் 3இல் உறுதியாக நிலைகொள்கிறது என்று ஐயமற நிறுவ மேலும் ஒரு படி வேண்டும். அவர் அதனைத் தம் விடையில் சேர்க்கவில்லை. இத்தகைய தொடர்கள் ஒரு மதிப்பில் நிலைகொள்வதற்குரிய நிபந்தனையைப் பின்னர் வகுத்தவர்களுள் தமிழ்நாட்டுக் கணித அறிஞர் தி. விஜயராகவனும் ஒருவர்.

காரின் நூல் கொடுத்தது பெரிது. அதனால் நேர்ந்த குறையும் உண்டு. முடிவை எழுதினால் போதும், நிறுவலை எழுத வேண்டியதில்லை என்னும் பழக்கம் அந்நூலிலிருந்தே அவருக்கு வந்தது. வறுமையும் அதற்குத் துணை நின்றது. தாள் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, இறுதி முடிவை மட்டும் ஏட்டில் பதிந்தார். முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிருந்ததை நண்பர்கள் கண்டனர். அவருடைய குறிப்பேடுகளில் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை நிறுவிக் காட்டும் பணி, அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. அழிந்தவை எத்தனை வழிகள் என்பது அந்தக் கற்பலகைக்கே வெளிச்சம்.

உடைந்த ஆண்டுகள்

1904ஆம் ஆண்டுப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கான அரங்கநாத ராவ் பரிசு இராமானுஜனுக்கு வழங்கப்பட்டது. முழு மதிப்பெண்ணுக்கும் மேலாகப் பெறத் தகுந்த மாணவர் இவர் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவையோர்க்கு அறிமுகம் செய்தார். அதே ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அக்கல்லூரி பெயர் பெற்றிருந்தது.

எஃப்.ஏ. படிப்பில் கணிதம் ஒரு பகுதிதான். ஆங்கிலம், வரலாறு, உடலியல், வடமொழி ஆகியவையும் உண்டு. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றித் தேர்ச்சியில்லை. இராமானுஜனோ எவ்வகுப்பில் அமர்ந்திருந்தாலும் கணிதத்திலேயே இருந்தார். ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவக் கட்டணமே தந்தையின் மாதச் சம்பளத்தை விஞ்சிய காலம் அது. உதவித்தொகை இல்லையேல் படிப்பில்லை.

1905 ஆகஸ்டில், பதினேழு வயது இளைஞராகிய அவர் எவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் புறப்பட்டு விசாகப்பட்டினம் பக்கம் சென்றுவிட்டார். பெற்றோர் தேடி அலைந்தனர். திரும்பி வந்த பின்னர், வருகைக் குறைவால் அங்குத் தேர்வெழுத இயலாமற்போயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் எஃப்.ஏ. சேர்ந்தார். கணித ஆசிரியர் சிங்காரவேலு முதலியார் இவருடைய திறனை உணர்ந்து, இதழ்களில் வரும் கணக்குகளை இவரோடு சேர்ந்து தீர்த்தார். ஆனால் உடலியல் வகுப்பில் விலங்குகளை அறுத்துப் பார்ப்பது இவருக்கு அறவே ஒவ்வவில்லை. இடையில் நோய்வாய்ப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் எழுதிய தேர்விலும், மறு ஆண்டு தனித்தேர்வராக எழுதிய தேர்விலும் தோல்வியே கிடைத்தது. அத்துடன் கல்லூரிப் படிப்பு முடிந்தது.

இத்தோல்விக்காக அக்காலக் கல்விமுறையை மட்டும் குறை கூறுவது எளிது; முற்றிலும் நேர்மையானது அன்று. பல பாடங்களையும் ஓரளவு அறிந்த அலுவலர்களையும் வழக்கறிஞர்களையும் உருவாக்கவே அம்முறை வகுக்கப்பட்டது. அதனை அது செவ்வனே செய்தது. ஒரே துறையில் எல்லையற்ற ஆற்றல் உள்ளவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. இராமானுஜனும் பிற பாடங்களுக்கு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் தேறியிருப்பார் என்று சொல்வதற்கு இடமுண்டு. அந்த ஒரு மணியையும் அவரால் ஒதுக்க இயலவில்லை என்பதே உண்மை.

1909 ஜூலையில், குளித்தலைப் பக்கத்து இராசேந்திரம் என்னும் ஊரைச் சேர்ந்த ஜானகியைத் தாய் அவருக்கு மணமுடித்து வைத்தார். மணமகளுக்கு வயது பத்து. அன்றைய வழக்கப்படி அவர் சில ஆண்டுகள் பிறந்த வீட்டிலேயே இருந்தார். ஆயினும் குடும்பம் என்றொரு பொறுப்பு வந்துவிட்டது. பட்டமில்லை; வேலையில்லை; கையில் இருந்தவை இரண்டு குறிப்பேடுகள்.

தட்டிய கதவுகள்

குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு 1910இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்குத் துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகம் 1907இல் தோன்றக் காரணமானவர். இராமானுஜன் கேட்டது அவர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. ஏடுகளைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர் வேலை கொடுக்க மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் அமர்த்தி அவருடைய அறிவை நெரித்துவிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. மாறாகச் சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். வேலை தேடி வந்தவருக்கு அந்த மறுப்பே பேருதவியாயிற்று.

அக்கடிதங்களின் வழியே நெல்லூர் ஆட்சியர் இரா. இராமச்சந்திர ராவிடம் அறிமுகம் கிடைத்தது. அவர் முதலில் ஐயுற்றார், பேசப்பேசத் தெளிந்தார், மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச் 1ஆம் நாள் இராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலை நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு கற்பலகையுடன் அமர்ந்தனர். படிப்படியாக விளக்காவிட்டால் மற்றவர்க்குப் புரியாது என்பதை இராமானுஜனுக்கு வற்புறுத்திச் சொன்னவர் அவரே. கல்லூரி கற்பிக்கத் தவறிய பாடம் அது.

தனித்துக் கற்ற ஒருவரை மற்றொருவர் கண்டுகொள்வதால் கணித வரலாறே திசைமாறுவதுண்டு. போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் 1892இல் பிறந்து, வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த ஸ்டீபன் பனாக் அதற்கு மற்றொரு சான்று. கணிதத்தில் பட்டம் பெறாத இளைஞர் அவர். 1916ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை, கிராக்கோவ் பூங்காவில் நண்பருடன் அவர் கணிதம் பேசிக்கொண்டிருந்தார். உயர்கணிதத்துக்கே உரிய ஒரு சொற்றொடர் அவ்வழியே நடந்துசென்ற ஹியூகோ ஸ்டைன்ஹவுஸ் என்னும் கணித அறிஞரின் காதில் விழுந்தது. அவர் நின்று பேசினார். தம்மால் தீர்க்க இயலாதிருந்த கணக்கொன்றைச் சொன்னார். சில நாள்களில் பனாக் விடையோடு வந்தார். நான்காண்டுகளில் முனைவர் பட்டம் பெற்று, இருபதாம் நூற்றாண்டுக் கணிதத்தின் ஒரு பெரும்பிரிவுக்கு அடித்தளமிட்டார். பனாக்கிற்கு அதே நகரில் ஆள் கிடைத்தார். இராமானுஜனின் கணிதத்தை முழுதாக அளந்து சொல்லவல்லவர் அன்று இந்தியாவிலேயே அரியர். எனவே அவர் கடல் கடந்து கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாள் ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். தாம் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு, முடிவுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார். பிப்ரவரியில் ஹார்டியின் மறுமொழி வந்தது. அதில் பாராட்டோடு, நிறுவல்கள் வேண்டும் என்ற வேண்டுகோளும் இருந்தது.

இதன்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். இராமானுஜனுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கலாம் என்ற பரிந்துரை வந்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே அது உரியது என்றது விதி. இவரோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர். ஆட்சிக்குழுவில் இருந்த நீதிபதி பி. ஆர். சுந்தரமையர், பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகவுரையைச் சுட்டிக்காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என அதில் கூறப்பட்டிருந்தது. 1913 மே மாதம் முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்க முடிவாயிற்று. இருமுறை தோல்வி என்று அறிவித்த அதே பல்கலைக்கழகம், தன் விதியைத் தாண்டி அவரை ஆய்வறிஞராக ஏற்றுக்கொண்டது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தருவது ஒன்றே அவருடைய கடமை.

நாமக்கல்லில் மூன்று இரவுகள்

ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடந்து செல்வதைச் சமயநெறிக்கு மாறாகக் கருதிய காலம். தாயின் இசைவின்றி மகன் புறப்படமாட்டார். 1913 டிசம்பரில் இராமானுஜனும் நாராயண ஐயரும் புறப்பட்டு, சேலத்தில் இராமசாமி ஐயரின் இல்லத்தில் தங்கி, அங்கிருந்து நாமக்கல் சென்று, நரசிம்மர் கோயிலில் மூன்று இரவுகள் கழித்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மூன்றாம் இரவில் கனவில் இசைவு கிடைத்ததாக நாராயண ஐயர் குடும்பத்தார் சொல்லிவந்தனர். தாயும் தமக்கொரு கனவு வந்ததாகக் கூறி இசைந்தார். மகன் ஐரோப்பியர் சூழ அவையில் அமர்ந்திருக்க, அவனுடைய பணிக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் என்று நாமகிரித் தாயார் பணித்ததாக அவர் கண்டார்.

தம் கணித முடிவுகள் நாமகிரித் தாயார் அருளியவை என்று இராமானுஜன் நண்பர்களிடம் சொன்னதுண்டு. அது அவருடைய நம்பிக்கை. அதனை ஐயுற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அச்செய்தியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வோர், கற்பலகையையும் கறுத்த முழங்கையையும் மறந்துவிடுகின்றனர். கனவில் வந்ததாயினும், விழித்தெழுந்து சரிபார்த்துத் திருத்தி ஏட்டில் பதித்தவர் அவர்தாம். பள்ளி நாள் முதல் கேம்பிரிட்ஜ் செல்லும்வரை அந்த உழைப்பு ஒரு நாளும் ஓயவில்லை.

அவருடைய இளமைக் கல்வி எதை இழக்கச் செய்தது என்பதைப் பின்னாளில் துல்லியமாகச் சொன்னவர் ஹார்டி. 1920இல் முப்பத்திரண்டாம் வயதில் இராமானுஜன் இறந்ததைவிட, பதினெட்டு வயது முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவருடைய ஆற்றல் வழிகாட்டலின்றித் திசைமாறியதையே பெருந்துயரமாக அவர் கருதினார். இந்தியாவில் இராமானுஜன் கண்டறிந்த சிறந்த முடிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, ஐரோப்பாவில் முன்பே அறியப்பட்டவை என்பது அவருடைய மதிப்பீடு. காரின் நூல் நின்றுபோன இடத்துக்குப் பிறகு உலகில் வளர்ந்த கணிதம் எதுவும் கும்பகோணத்துக்கு வந்து சேரவில்லை. கூரையிடுக்கில் தாள்களை ஒளித்து வைத்த சிறுவரின் நிலை, அவர் வளர்ந்த பிறகும் மாறவில்லை. கண்டது புதிதா பழையதா என்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்வதற்குக் கல்விச் சான்று வேண்டும் என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று வகுத்திகள் மிகுந்த எண்கள். எடுத்துக்காட்டாக, 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தமக்கு முந்திய எண்கள் அனைத்தையும் வகுத்தி எண்ணிக்கையில் வெல்லும் எண்களின் இயல்பை அவர் விரிவாக ஆராய்ந்து, நிறுவல்களோடு 1915இல் நெடிய கட்டுரையாக வெளியிட்டார். அவ்வாய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதுவே அவர் பெற்ற முதல் பட்டம்.